தூளிக்கும் முந்தானைக்கும் நடுவுல ஒரு நாய்

ஓசூர்ல என் மகன் வூட்டுக்கு எதுத்தாப்புல ஒரு ஃபாக்டரி மேனேஜர் குடியிருக்கறாரு. அவரு நாய்க்குச் சொல்லிக் குடுக்கறதுக்குன்னே வாரத்துல மூணு நாள் பெங்களூர்ல இருந்து ஒரு ஆள் மோட்டார் சைக்கிள்ல வர்றான். இடுப்புல ஒரு பை, பை நெறைய பிஸ்கட். "சிட்"டுங்கறான், அது உக்காருது. "ஸ்டே"ங்கறான், அது கல்லு மாதிரி கெடக்குது. அது தப்புப் பண்ணாலும் அவன் கை ஓங்கறதில்ல, திரும்பவும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கறான். மாடியில நின்னு அதப் பாத்துக்கிட்டே இருப்பேன். "என்னம்மா, நாய்க்கு டியூஷன் நடக்குதா?"ன்னு என் மகன் கேலி பண்ணுவான். நானும் ஒரு காலத்துல ஒரு நாய்க்குச் சொல்லிக் குடுத்தவதான்னு அவனுக்குத் தெரியாது. அது அவனுக்காகத்தான்னும் தெரியாது. எனக்கும் வயசாயிடுச்சி, இன்னும் எத்தினி நாளைக்கி வாய மூடிக்கிட்டு இருக்கறது.

சொதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். மத்தூருக்குக் கெழக்கால எங்கப்பாவோட கொட்டாய். கொட்டாய்னா ஊருக்குள்ள இல்லாம, வெள்ளாமைக் கொல்லையிலயே வூடு கட்டிக்கிட்டு அங்கயே பொழைக்கறது. என்னைக் காவேரிப்பட்டினத்துல குடுத்திருந்தாங்க. நாலே வருஷத்துல அந்த மனுசன் காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டாரு. புள்ள இல்ல. புருசன் வூடும் ரெண்டு எருமையும்தான் எனக்கு மிச்சம். எங்கம்மா முன்னாடியே செத்துட்டா. அதனால கொட்டாயில எது நடந்தாலும், "அக்கா, வா"ன்னு என் தம்பி ஆளனுப்புவான். நானும் எருமைங்கள என் கொழுந்தன் வூட்டுல வுட்டுட்டு கெளம்பிடுவேன்.

தம்பி பொண்டாட்டிக்குக் காது கேக்காது. மூணு வயசுல சொரம் வந்து போச்சாம். பேச்சும் வரல. சந்தோசம்னா ஒரு சத்தம், வலின்னா ஒரு சத்தம், அவ்ளோதான். ஊர்ல அவள ஊமைச்சின்னுதான் சொல்லுவாங்க, எனக்கு அந்தச் சொல்லு கேட்டாலே பத்திக்கிட்டு வரும். வேலையில அவள மிஞ்ச ஆளில்ல. கையாலயே எல்லாம் சொல்லுவா. ரெண்டு விரல மூக்குத்தி மேல வெச்சா நான், மீசைய முறுக்கினா எங்கப்பா, நெஞ்சத் தொட்டா என் தம்பி. எதிர்ல நிக்கறவங்க ஒதட்ட வெச்சே பாதிப் பேச்சப் புரிஞ்சுக்குவா.

அவளுக்கு மொதல்ல பொறந்தது பொண்ணு. ஒம்பதாவது மாசம், தூளியில கெடந்த கொழந்தையத் தேள் கொட்டிடுச்சி. எங்க பக்கம் கல்லுக் காடு, தேளுக்குப் பஞ்சமா? கூரையில இருந்து வுழுந்திருக்குது. இவ பத்தடி தள்ளி, முதுகு காட்டிக்கிட்டு ராயி, அதான் கேவுரு, பொடைச்சுக்கிட்டு இருந்திருக்கறா. கொழந்தை எவ்ளோ நேரம் கத்துச்சோ சாமிக்குத்தான் தெரியும். அந்தப் பக்கமா போன மாட்டுக்காரி கேட்டுட்டு ஓடி வந்தப்ப ஒடம்பு நீலம் பூத்துப் போச்சு. அதுக்கப்பறம் எங்கப்பா அவ மூஞ்சியப் பாத்து கையசைக்கறதயே நிறுத்திட்டாரு. அவருக்கு அந்தப் பேத்தின்னா உசுரு.

ரெண்டாவது உண்டாகி ஆறு மாசம் இருக்கறப்ப நான் வந்தேன். கார்த்திகை மாசம், ராயி அறுப்பு முடிஞ்ச கொல்லையில எருவுக்காக ஆடு கட்டியிருந்தாங்க. ஆட்டுக்காரன் என் வயசுதான் இருப்பான், கன்னடமும் தெலுங்கும் கலந்த தமிழு, நாக்குல நையாண்டி. ஒரு மத்தியானம் கம்பளியப் போத்திக்கிட்டு அவன் தூங்கறான், தூரத்துல ஒரு குட்டி கத்துது, அவன் நாய் ஓடி வந்து கம்பளியப் புடிச்சு இழுக்குது. எழுந்து போய் முள்ளுல மாட்டின குட்டிய எடுத்துட்டு வந்தான். எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சிருச்சி. "ஏப்பா, ஆட்டுக் குட்டிக்கு வர்ற நாய் மனுசக் கொழந்தைக்கு வராதா?"ன்னேன். "மனுசங்களே வரமாட்டேங்கறாங்க, நாய் வரும் அக்கா"ன்னு சிரிச்சான்.

ஒரு வயசு செவத்த பொட்டை நாய் ஒண்ண அவன் குடுத்துட்டுப் போனான். போறப்ப ஒரே ஒரு புத்தி சொன்னான். "ஆரம்பத்துல அது பொய் சொல்லும் அக்கா. சும்மாவே வந்து இழுக்கும். அடிக்கக் கூடாது. பத்து தபா பொய் சொன்னாலும் எழுந்து போய்ப் பாத்துட்டு வரணும். ஒரு தபா அடிச்சீங்கன்னா, நெசத்தையும் ஒங்களுக்குச் சொல்லாது." சரி சரின்னு மண்டைய ஆட்டினேன்.

மொதல்ல கைப்பேச்சு. இவளுக்குக் கொரல் கெடையாதே, அதனால எல்லாமே கையாலதான். உள்ளங்கையக் கீழ அமுக்கினா உக்காரு. மடக்கினா வா. ஒத்த விரல நீட்டினா போ. ஒரு மாசத்துல நாய் எங்க ரெண்டு பேர் கையையும் மூஞ்சியப் பாக்கற மாதிரிப் பாக்க ஆரம்பிச்சிடுச்சி.

அப்பறம் அழுகை. கொழந்தை இன்னும் வயித்துலதான இருக்குது, யாரு அழறது? நான்தான். முப்பது வயசுப் பொம்பள, தூளிக்குள்ள தலைய வுட்டுக்கிட்டு "ங்ஙா, ங்ஙா"ன்னு கத்துவேன். அவ வைக்கப்போருக்குப் பின்னால போய் நிப்பா. நாய் எங்கிட்ட ஓடி வரும், என் மூஞ்சிய மோந்து பாக்கும், யாருடா இவன்னு நிக்கும். என் தம்பி வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பான். "அக்கா, கொழந்தை மாதிரி இல்ல, கெடேரிக் கன்னு மாதிரி இருக்குது"ம்பான். "நீ வந்து அழுடா பாப்போம்"னு வெளக்கமாத்த எடுப்பேன். அவ போருக்குப் பின்னால இருந்து முந்தானைய ஆட்டிக் காட்டுவா. நாய் முந்தானையக் கவ்வினா, அவ தூளி வரைக்கும் கூட வந்து, அங்க வெச்சு ஒரு உருண்டை களி குடுக்கணும். அதான் முறை. தை மாசக் கடைசியில நான் எங்க நின்னு கத்தினாலும் நாய் அவளத் தேடிப் போய் இழுத்துட்டு வந்துச்சி. அன்னிக்கி அவ என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு விட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்குது. அந்த மாதிரி சந்தோசம் என் வாழ்க்கையில ரெண்டு மூணு தடவைதான்.

மாசியில பையன் பொறந்தான். முப்பதாம் நாள் தவிட்டுக்கு விக்கணும்னு எங்கப்பா சொன்னாரு. மொதக் கொழந்தை தவறிப் போன வூட்டுல அடுத்தத ஒரு மொறம் தவிட்டுக்கு வேற ஒருத்திக்கு வித்துடுவாங்க. தவிட்டு வெலைக்குப் போன புள்ளய எமன் ஏறெடுத்தும் பாக்க மாட்டானாம். வாங்கினவ, "எனக்காக நீயே வளத்துக் குடு"ன்னு பெத்தவகிட்டயே திருப்பிக் குடுத்துடுவா. சடங்குக்குத்தான், நெசமில்ல. யார் வாங்கறதுன்னு பேச்சு வந்தப்ப பெரியம்மா ஒருத்தி, "தாலியறுத்தவ வாங்கட்டும், அப்பத்தான் எமன் நம்புவான்"னா. சுருக்குன்னு இருந்துச்சி. இருந்தும் மொறத்துல தவிட்டக் கொண்டாந்து அவ மடியில கொட்டிட்டு, பையன வாங்கினேன். வாங்கின ஒடனே திருப்பிக் குடுக்கணும். நான் குடுக்கல. "ஏய், குடுடி"ன்னு பெரியம்மா ரெண்டு தடவ சொல்ற வரைக்கும் குடுக்கல. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

அன்னிக்கி சாயங்காலமே எங்கப்பா ஒடச்சுச் சொல்லிட்டாரு. "தவழ ஆரம்பிச்சா இவளால பாத்துக்க முடியாது. ஒரு உசுரு போனது போதும். ஆடி பதினெட்டு முடிஞ்சதும் பையன நீ காவேரிப்பட்டினம் கொண்டு போயிடு. வாங்கினவ நீதான்"னாரு. என் தம்பி குறுக்க வந்தான். "நாய் இருக்குதேப்பா, நல்லாக் கத்துக்கிச்சே"ன்னான். எங்கப்பா மீசையத் தடவிக்கிட்டே நாயப் பாத்தாரு. "சரி. ஆடி பதினெட்டுக்கு மறுநாள் நான் என் கண்ணால பாக்கறேன். நாய் கூட்டியாந்தா பையன் இங்கயே இருக்கட்டும். இல்லைன்னா வண்டி கட்டிட வேண்டியதுதான்." இத நான்தான் கையால அவளுக்குச் சொன்னேன். அவ பையன நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, நாயக் காட்டி, என்னைக் காட்டி, ரெண்டு கையையும் சேத்துக் கும்புட்டா. எங்க ரெண்டு பேரையும்தான் நம்பியிருக்கறாளாம்.

நாயும் நல்லாத்தான் பண்ணுச்சி. பையன் சிணுங்கினாலே போதும், அவ எங்க இருந்தாலும் போய் நிக்கும். ஆனா ஆட்டுக்காரன் சொன்ன மாதிரியே நடுநடுவுல பொய்யும் சொல்லும். பசிச்சாப் போதும், வந்து இழுக்கும். அவ ஒரு தடவ கூட சலிச்சுக்க மாட்டா. எழுந்து போவா, தூங்கற பையனப் பாப்பா, சிரிச்சுக்கிட்டே திரும்புவா. எனக்குத்தான் மூக்கு மேல கோவம்.

ஆனி மாசக் கடைசி. வெதைக் கடலைக்காகக் கல்லக்கா ஒடச்சுக்கிட்டு இருக்கறோம், மழை எறங்கறதுக்குள்ள வெதைச்சாகணும், அடுப்புல களி வேகுது. காலையில இருந்து மூணு தடவ நாய் சும்மா இழுத்துச்சி. மூணாவது தடவ அவ களியப் பாதிக் கெளறல்ல வுட்டுட்டுப் போக, பானையோட அடிப் புடிச்சுப் போச்சி. எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சி. புளிய மெளாறுக் குச்சி ஒண்ணு கெடந்துச்சி. எடுத்தேன். எத்தினி அடின்னு தெரியல. நாய் ஓடல, பாருங்க, ஓடியிருந்தா வுட்டிருப்பேன். மண்ணுல படுத்துக்கிட்டு என் கையவே பாத்துச்சி. அவ ஓடியாந்து நாய் மேல வுழுந்தா, ரெண்டு அடி அவ முதுகுலயும் பட்டுச்சி. அப்ப அவ போட்ட சத்தம் வலிக்குப் போடற சத்தம் இல்ல, அதுக்கு முன்னால நான் கேட்டதில்ல. மெளாற வீசிட்டுக் கெணத்துப் பக்கம் போய் உக்காந்து அழுதேன். சாயங்காலம் நாய்க்கு நானே மஞ்சப் பத்துப் போட்டேன்.

அதுக்கப்பறம் அது பொய் சொல்லல. எனக்கு உள்ளுக்குள்ள பெருமை கூட, பாத்தியா, ஒரே அடியில திருந்திடுச்சின்னு.

பையன் வேற என்னை நல்லா அடையாளங் கண்டுக்க ஆரம்பிச்சிட்டான். கால நீட்டிப் போட்டு, அதுல அவனக் கெடத்தி எண்ணெய் தேச்சு வெந்நி ஊத்துவேன். பொக்கை வாயத் தொறந்து என் மூக்குத்தியப் பாத்துச் சிரிப்பான். காவேரிப்பட்டினத்து வூட்டுல என்ன இருக்குது? ரெண்டு எருமை, ஒரு பாயி, நாலு செவுரு. பேச ஆளில்ல. நாய் தோத்துப் போகணும்னு நான் நெனச்சேனா? இல்ல. தோத்துப் போனா எப்பிடி இருக்கும்னு மட்டும் நெனச்சேன். காவேரிப்பட்டினத்துல தூளிய எந்தக் கூரை வளையில கட்டறதுன்னு கூட நெனச்சேன்.

ஆடி பதினெட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி, கொடத்துல தண்ணி எடுத்துட்டுப் போருக்குப் பின்னால வர்றேன். உள்ள பையன் அழறான். என்னை நாய் பாக்கல. குடுகுடுன்னு ஓடிப் போய் அவ முந்தானையப் புடிச்சு இழுத்துட்டுப் போச்சி. நல்ல நாய்ன்னு நெனச்சுக்கிட்டேன். சாயங்காலம் நான் வாசல்ல உக்காந்திருக்கறப்ப பையன் மறுபடியும் அழுதான். நாய் எழுந்துச்சி, மூணு அடி போச்சி, நின்னு என்னைத் திரும்பிப் பாத்துச்சி. என் மூஞ்சிய இல்ல, கைய. அப்பிடியே உக்காந்துக்கிச்சி. நான் விரல நீட்டினேன், அப்பறந்தான் போச்சி.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சி. நான் இல்லாத எடத்துல அது சரியாப் பண்ணுது. நான் இருந்தா, என் கையில உத்தரவு கேக்குது. அது பொய் சொல்றத நிறுத்தல, என் முன்னால சொல்றதத்தான் நிறுத்தியிருக்குது.

ஒரே ஒரு வார்த்த எங்கப்பாகிட்ட சொல்லியிருந்தாப் போதும். "அப்பா, நீங்க பாக்கற அன்னிக்கி நான் இருக்க மாட்டேன், நீங்க மட்டும் பாருங்க"ன்னு. இல்ல, மத்தூர் சந்தைக்குன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிருக்கலாம். ரெண்டு நாள் முழுசா இருந்துச்சி. சொல்லணும்னு ரெண்டு தடவ அவர்கிட்டப் போனேன், வாய் வரல. வாய் வரலன்னு சொல்றதே பொய்யி. வாய் எனக்கு எப்பவும் வரும், ஊருக்கே தெரியும்.

ஆடி பதினெட்டுக்கு மறுநாள் எங்கப்பா புளிய மரத்தடியில கட்டில் போட்டு உக்காந்தாரு. பக்கத்துல என் தம்பி, கைய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாம. நான் வாசப்படியில. அவ ஒரல்கிட்ட, எங்களுக்கு முதுகு காட்டிக்கிட்டு கம்பு இடிக்கறா. திரும்பிப் பாத்தா ஏமாத்தறான்னு நெனச்சிடப் போறாங்கன்னு, கழுத்தக் கூட அசைக்கல. நாய் முத்தத்துல படுத்திருக்குது. பையன் பால் குடிச்சுட்டுத் தூங்கறான். எவ்ளோ நேரம் காத்திருந்தோமோ, வெயில் நிழலத் தாண்டி எங்கப்பா கால் வரைக்கும் வந்துடுச்சி.

அழுதான்.

நாய் ஒரே துள்ளுல எழுந்துச்சி. காது ரெண்டும் நட்டுக்கிச்சி. ஒரலப் பாத்து மூணு அடி. நின்னுச்சி. திரும்பி என் கையப் பாத்துச்சி. ஒடம்பு வெடவெடன்னு நடுங்குது, ஆனா போகல. ஒரு விரல். சேலைக்குள்ள இருந்து ஒரே ஒரு விரல நீட்டினாப் போதும், எங்கப்பாவுக்குத் தெரியக் கூடத் தெரியாது. என் கை ரெண்டும் மடியில கெடந்துச்சி. பையன் வீல் வீல்னு கத்தறான், அவ கம்பு இடிச்சுக்கிட்டே இருக்கறா, ஒலக்கை ஏறி ஏறி எறங்குது. என் தம்பி "போ, போ"ன்னு நாயப் பாத்து முணுமுணுக்கறான். அது அவன் கையப் பாத்துப் பழகல. அது என்னையே பாக்குது.

அன்னிக்கி மெளாற எடுத்தது கோவத்துல. அத எந்தச் சாமி முன்னாலயும் நின்னு சொல்லுவேன். இந்தத் தடவ சும்மா இருந்தது கோவத்துல இல்ல.

"போதும்"னு எங்கப்பா எழுந்தாரு. அவர் நிழல் ஒரல் மேல வுழுந்துச்சி. அவ திரும்பினா. எங்க மூஞ்சிகளப் பாத்தா, நாயப் பாத்தா, ஒலக்கையப் போட்டுட்டு உள்ள ஓடினா. அவ பையனத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள எங்கப்பா வண்டிக்காரனக் கூப்பிட்டுட்டாரு.

அவ அழுவான்னு பாத்தேன், அழல. பையனோட துணி, வசம்பு, எண்ணெய்க் கிண்ணம் எல்லாத்தையும் ஒரு மூட்டையாக் கட்டி வண்டியில வெச்சா. நாய் சக்கரத்துக்கிட்ட வந்து நின்னுச்சி, அதத் தடவிக் குடுத்தா, திட்டல. கடைசியா எங்கிட்ட வந்து, என் வலது கைய எடுத்து ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டா. நீ ஒன்னால ஆனதெல்லாம் செஞ்சன்னு அர்த்தம். அந்தக் கைய நான் எத்தினி தடவ கழுவியிருப்பேன்.

ஒண்ணரை வருஷம் போச்சி, பையன் மறக்கட்டும்னு எங்கப்பா அவங்கள இந்தப் பக்கமே அனுப்பல. எங்கப்பா அந்த வருசப் பனியில தவறிப் போயிட்டாரு. பையனக் கொழுந்தன் வூட்டுல வுட்டுட்டு நான் தனியாத்தான் போய்ட்டு வந்தேன். காரியமெல்லாம் முடிஞ்சு, தை மாசம் என் தம்பியும் அவளும் பையனப் பாக்கக் காவேரிப்பட்டினம் வந்தாங்க. நாயும் வண்டிக்குப் பின்னாலயே நடந்து வந்திருக்குது. பையன் உள்ள தூங்கறான். இவங்கள உக்கார வெச்சுட்டு, கொல்லப்புறத்துல எருமைக்குத் தண்ணி காட்டப் போனேன். பையன் முழிச்சு அழற சத்தம் கேட்டுச்சி. வாளியப் போட்டுட்டு வந்து பின்வாசல்ல நிக்கறேன். அதுக்குள்ள நாய் அவ முந்தானையக் கவ்வி, நடை வழியா இழுத்துக்கிட்டு வருது. தூளிகிட்ட கொண்டாந்து வுட்டுட்டு வாலாட்டுது. பின்னாலயே என் தம்பி. அவன் அப்பிடியே நின்னுட்டான்.

அவ பையனத் தூக்கினா. ஒண்ணரை வருஷமாத் தூக்காத புள்ள. அவன் அவ மூஞ்சிய ரெண்டு கையாலயும் தள்ளி, வெறி புடிச்ச மாதிரி அலறினான். என்னைப் பாத்ததும் "அம்மா"ன்னு தாவினான். அவ எங்கிட்டக் குடுத்துட்டா. குடுத்துட்டு ஓரமா நின்னு, அவன் என் தோள்ல மூஞ்சியப் பொதைச்சுக்கறதப் பாத்துக்கிட்டு இருந்தா.

என் தம்பி எங்கிட்ட வந்தான். "அக்கா, நாய் நல்லாத்தான் இருக்குதே. அப்பாவும் இல்ல. பையனக் கூட்டிக்கிட்டுப் போகட்டுமா?" கெஞ்சற மாதிரித்தான் கேட்டான். அவன் ஒதட்டுல இருந்து அவ கண்ணு என் ஒதட்டுக்கு வந்துச்சி. நான் என்ன சொல்லப் போறேன்னு கண்ணக் கூட இமைக்காமப் பாத்தா.

"இவன் இனி என்னை வுட்டுட்டு இருக்க மாட்டான்டா"ன்னேன். அதுல பொய்யே இல்ல. ஆனா அவளுக்குப் புரியக் கூடாதுன்னு மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டுத்தான் சொன்னேன்.